‘ஆய்வு சொல்கிறது’ என்றால் நம்பிவிடலாமா? உயிரியல் தகவல்களைச் சரிபார்ப்பது எப்படி?

“உங்கள் உடம்பில் உள்ள 10 செல்களில் 9 உங்களுடையதே இல்லை. எல்லாம் பாக்டீரியா!”

இந்த வரியை ஏதாவது ஒரு ரீல்ஸில் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ரீல்ஸை விடுங்கள். கல்லூரி செமினார்களிலும் பாடநூல்களிலும், ஏன், ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பத்தியிலும்கூட ‘மனித செல்களைவிட பாக்டீரியாக்கள் 10 மடங்கு அதிகம்’ என்று பல ஆண்டுகளாக எழுதிவந்தார்கள்.

ஆனால், அந்தக் கணக்கு தப்பு. பெரிய பெரிய விஞ்ஞானிகளும் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

நீட் தேர்வுக்குத் தயாராகும் மாணவர், எம்.எஸ்சி. புராஜெக்ட் எழுதுபவர், அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நள்ளிரவில் கூகுளில் தேடிக்கொண்டிருக்கும் ஐ.டி. ஊழியர் என எல்லோருக்கும் இன்று ஒரே கேள்விதான். கண்ணில் படும் உயிரியல் தகவல்களில் எதை நம்புவது? எங்கே தேடுவது? இந்தக் கட்டுரையில் அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘10 மடங்கு’ எங்கிருந்து வந்தது?

நதிமூலம், ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்று ஊரில் சொல்வார்கள். அறிவியலில் மட்டும் மூலத்தைக் கேட்டே ஆகணும்.

‘10 மடங்கு’ என்று எழுதியவர்கள் பலரும் ஆதாரமாகக் காட்டியது, டுவைன் சாவேஜ் என்ற நுண்ணுயிரியலாளர் 1977-ல் எழுதிய ஒரு மதிப்புரைக் கட்டுரையை. சரி, அவருக்கு அது எங்கே கிடைத்தது? அவர் காட்டியது 1972-ல் தாமஸ் லக்கி எழுதிய கட்டுரையை. அங்கே போய்ப் பார்த்தால், பரிசோதனை எதுவும் இல்லை. இருந்தது ஒரு தோராயக் கணக்கு மட்டுமே. ஒரு கிராம் குடல் கழிவில் சுமார் 10,000 கோடி பாக்டீரியா. குடலின் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒரு கிலோ. இரண்டையும் பெருக்கினால் 100 லட்சம் கோடி. மனித செல்கள் 10 லட்சம் கோடி என்று ஏற்கெனவே ஒரு மதிப்பீடு இருந்தது. இதை வைத்து அதை வகுத்தால் 10 மடங்கு. அவ்வளவுதான் விஷயம்!

இதில் என்ன பிழை? பாக்டீரியா அவ்வளவு நெருக்கமாக இருப்பது பெருங்குடலில் மட்டும்தான். அதன் உள்ளடக்கம் சுமார் 0.4 லிட்டர். இரைப்பையிலும் சிறுகுடலிலும் எண்ணிக்கை மிகக் குறைவு.

ரான் செண்டர், ஷாய் ஃபக்ஸ், ரான் மிலோ என்ற மூன்று ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை அடியிலிருந்து மறுபடி போட்டு, 2016-ல் ‘பிளாஸ் பயாலஜி’ இதழில் வெளியிட்டார்கள். 70 கிலோ எடையுள்ள ஓர் இளைஞரின் உடம்பில் மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடி. ஏறக்குறைய சரிக்குச் சரி. அந்த மனித செல்களிலும் 84 சதவீதம் ரத்தச் சிவப்பணுக்கள். மொத்த பாக்டீரியாவின் எடை சுமார் 200 கிராம்தான்.

40 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தோராயக் கணக்கு ‘ஆய்வு முடிவு’ போல வலம்வந்தது. பெரும்பாலானவர்கள் தங்களுக்கு முந்தையவர் சொன்னதை அப்படியே எடுத்துப் போட்டார்கள். சங்கிலியின் முதல் கண்ணிவரை போய் யாராவது பார்த்திருந்தால், அரை மணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஆக, முதல் விதி இது: ஒரு தகவலை எந்தத் தளம் சொல்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தத் தளத்துக்கு அது எங்கிருந்து கிடைத்தது என்று பாருங்கள்.

எங்கே தேட வேண்டும்?

உயிரியல், மருத்துவம் என்றால் முதல் இடம் ‘பப்மெட்’. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இலவசத் தேடுதளம். 3.5 கோடிக்கும் அதிகமான கட்டுரைகளின் விவரங்கள் இதில் உண்டு. பதிவு செய்ய வேண்டியதில்லை. போனிலேயே நன்றாக வேலை செய்யும்.

பப்மெட்டில் பெரும்பாலும் கட்டுரைச் சுருக்கம்தான் கிடைக்கும். முழுக் கட்டுரையும் இலவசமாக வேண்டும் என்றால் அதன் சகோதரத் தளமான ‘பப்மெட் சென்ட்ரல்’ பக்கம் போகலாம். 2000-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட களஞ்சியம் இது. ஐரோப்பாவின் ‘யூரோப் பிஎம்சி’ தளமும் இதே வேலையைச் செய்கிறது.

பப்மெட்டில் ஒரு சொல்லைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் முடிவுகள் கொட்டும். அங்கேதான் பலரும் மிரண்டுபோய் மூடிவிடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் ஃபில்டர்களைப் பயன்படுத்துங்கள். ஒரு தலைப்பு உங்களுக்குப் புதிது என்றால் ‘ரிவ்யூ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் துறையில் இதுவரை நடந்தவற்றைத் தொகுத்துச் சொல்லும் மதிப்புரைகள் மட்டும் வரும். மருத்துவக் கேள்வி என்றால் ‘சிஸ்டமேட்டிக் ரிவ்யூ’. ஒரு கேள்வி குறித்து நடந்த ஆய்வுகளை முறைப்படி தேடி, தரம்பிரித்து, ஒன்றாக எடைபோடும் கட்டுரைகள் அவை. இந்த வகையில் ‘காக்ரேன்’ அமைப்பின் அறிக்கைகள் உலக அளவில் மதிக்கப்படுபவை. பொதுமக்களுக்காக அவர்கள் வெளியிடும் எளிய நடைச் சுருக்கங்களில் ஒரு பகுதி தமிழிலும் கிடைக்கிறது.

கூகுள் ஸ்காலர்? தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால், அது எந்திரம் தானாகத் திரட்டும் பட்டியல். நல்ல கட்டுரை, மாணவர் ஆய்வேடு, போலி இதழில் வந்தது எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். பிரித்துப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. பப்மெட்டில் இருந்தாலே அது உத்தரவாதம் என்றும் நினைத்துவிட வேண்டாம். நூலகத்தில் ஒரு புத்தகம் இருப்பதால் அதில் உள்ளதெல்லாம் உண்மையாகிவிடாது, இல்லையா?

விக்கிப்பீடியாவையும் ஒதுக்க வேண்டியதில்லை. கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்கள்தான் அதன் உண்மையான பயன். அங்கிருந்து மூலத்துக்குத் தாவிவிட வேண்டும்.

அடிப்படையே தெரியவில்லை என்றால், நேராக ஆய்வுக் கட்டுரைக்குள் குதிக்காதீர்கள். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ‘ஓப்பன்ஸ்டாக்ஸ்’ தளத்தில் முழு உயிரியல் பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் பாடநூல், அடுத்து மதிப்புரை, கடைசியில் மூல ஆய்வு. இந்த வரிசையில் போனால் தலை சுற்றாது.

டப்பாவிலா, எலியிலா, மனிதரிலா?

கட்டுரை கிடைத்துவிட்டது. அடுத்து? ஆய்வு எதன் மீது நடந்தது என்று பார்க்கணும்.

நமக்கு நன்கு தெரிந்த மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். ‘மஞ்சள் புற்றுநோய் செல்களை அழிக்கிறது: ஆய்வில் கண்டுபிடிப்பு’ என்ற செய்தி ஃபேமிலி குரூப்பில் வராத வீடு உண்டா? பப்மெட்டில் தேடினால் மஞ்சளில் உள்ள குர்குமின் பற்றி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன. அப்படியானால் செய்தி உண்மைதானே?

அங்கேதான் சூட்சுமம். அவற்றில் பெரும்பகுதி ஆய்வகத் தட்டில் வளர்க்கப்பட்ட செல்கள் மீதோ, எலிகள் மீதோ நடந்தவை. தட்டில் இருக்கும் செல்லின் மேல் ஒரு வேதிப்பொருளை நேரடியாக ஊற்றுவதும், அதே பொருள் வாய் வழியாகப் போய், செரித்து, ரத்தத்தில் கலந்து, கட்டியைச் சென்றடைவதும் வேறு வேறு. குர்குமின் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. எளிதில் சிதைந்தும் விடுகிறது.

2017-ல் ‘ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரி’ இதழில் வந்த விரிவான மதிப்புரை ஒன்று இதை அலசியது. பல ஆய்வகச் சோதனைகளில் குர்குமின் ‘வேலை செய்வது போன்ற’ பொய்யான சமிக்ஞையைத் தரக்கூடியது என்று அது சுட்டிக்காட்டியது. குர்குமினை வைத்து 120-க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்த நிலையிலும், யாருக்கு மருந்து, யாருக்கு டம்மி மாத்திரை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் நடத்தப்படும் கறாரான பரிசோதனை எதிலும் அது வெற்றி பெறவில்லை என்றும் சொன்னது.

ரசத்தில் மஞ்சள் போடுவதை இதற்காக யாரும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, ஒரு ஃபார்வர்டை நம்பி கீமோதெரபியைத் தள்ளிப்போட்டால், இழக்கும் மாதங்கள் திரும்பக் கிடைக்காது.

2019-ல் ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற ஆய்வாளர் ட்விட்டரில் ஒரு கணக்கைத் தொடங்கினார். பரபரப்பான மருத்துவச் செய்திகளைப் பகிர்ந்து, மேலே ‘எலிகளில்’ என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்ப்பார். அவ்வளவுதான் அதன் வேலை. தலைப்பில் விடுபட்டுப்போன அந்த ஒரு சொல், செய்தியின் பொருளையே மாற்றிவிடும். அடுத்த முறை ‘ஆய்வில் கண்டுபிடிப்பு’ என்று பார்த்தால், ‘எதில்?’ என்று கேளுங்கள். மனிதர்கள் என்றால், எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

பியர் ரிவ்யூ, பிரீபிரின்ட்: என்ன வித்தியாசம்?

ஒரு கட்டுரையை இதழுக்கு அனுப்பினால், அதே துறையில் இருக்கும் வேறு சில வல்லுநர்கள் அதைப் படித்துக் குறை சொல்வார்கள். திருத்தச் சொல்வார்கள் அல்லது நிராகரிக்கச் சொல்வார்கள். இதுதான் பியர் ரிவ்யூ. இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால், பல ஆய்வாளர்கள் அதற்கு முன்பே கட்டுரையைப் பொதுவெளியில் வைத்துவிடுகிறார்கள். அது பிரீபிரின்ட். உயிரியலில் ‘பயோஆர்க்கைவ்’ என்ற தளம் 2013 முதல் இதற்காகவே இயங்குகிறது.

பிரீபிரின்ட் என்றாலே மோசம் என்று அர்த்தமில்லை. மேலே பார்த்த பாக்டீரியா கணக்குகூட 2016 ஜனவரியில் பிரீபிரின்டாக வந்து, ஆகஸ்ட் மாதம்தான் இதழில் வெளியானது. ஆனால், இன்னொரு பக்கமும் உண்டு.

2020 ஜனவரி 31. கொரோனா வைரஸ் பற்றி உலகமே பதற்றத்தில் இருந்த நேரம். டெல்லி ஆய்வாளர்கள் சிலர், புதிய வைரஸின் புரதத்தில் ஹெச்ஐவி-யை ஒத்த நான்கு சிறு துண்டுகள் ‘செருகப்பட்டு’ இருப்பதாக பயோஆர்க்கைவில் ஒரு கட்டுரையை ஏற்றினார்கள். ‘ஆய்வகத்தில் செய்த வைரஸ்’ என்ற வதந்திக்கு அது தீனி போட்டது. உலகம் முழுவதும் உள்ள உயிரியலாளர்கள் அந்தத் துண்டுகளை ‘பிளாஸ்ட்’ என்ற இலவசக் கருவியில் போட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு குட்டித் துண்டுகள் சம்பந்தமே இல்லாத எத்தனையோ உயிரிகளிலும் காணப்படுபவை என்று தெரிந்தது. இரண்டே நாளில் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

கட்டுரை போய்விட்டது, வதந்தி போகவில்லை. பிரீபிரின்ட் தளங்களில் ‘இது இன்னும் மதிப்பாய்வு செய்யப்படவில்லை’ என்ற குறிப்பு இருக்கும். அதைப் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள். சில மாதங்கள் கழிந்த பிரீபிரின்ட் என்றால், பிறகு ஏதாவது இதழில் வெளியானதா என்றும் பாருங்கள். வெளியாகியிருந்தால் பெரும்பாலும் அதற்கான இணைப்பு அங்கேயே இருக்கும்.

காசு கொடுத்தால் அச்சாகும் ‘ஆய்வு’

“அன்புள்ள பேராசிரியரே, உங்கள் உன்னதமான ஆய்வுக் கட்டுரையை எங்கள் சர்வதேச இதழுக்கு அனுப்புங்கள். மூன்றே நாளில் வெளியிடுகிறோம்.” இப்படி ஒரு மெயில் முதலாம் ஆண்டு எம்.எஸ்சி. மாணவருக்கு வந்தால், அது மகிழ்ச்சியான செய்தி அல்ல. வலை விரிக்கிறார்கள் என்று அர்த்தம்.

கட்டணத்தை வாங்கிக்கொண்டு, மதிப்பாய்வு எதுவும் செய்யாமல் வெளியிடும் இதழ்களை ‘பிரிடேட்டரி ஜர்னல்’, அதாவது வேட்டை இதழ்கள் என்கிறார்கள். இது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை 2013-ல் ‘சயின்ஸ்’ இதழுக்காக ஜான் போஹானன் சோதித்துப் பார்த்தார். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன் என்ற உயிரியிலிருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோயைத் தடுக்கிறது என்று ஒரு போலிக் கட்டுரை தயாரித்தார். துறை தெரிந்த யாரும் நிமிடங்களில் பிடித்துவிடக்கூடிய ஓட்டைகளை வேண்டுமென்றே வைத்தார். இல்லாத ஆய்வாளர், இல்லாத நிறுவனம். 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. நிராகரித்தவை 98 மட்டுமே.

நம் மாணவர்களுக்கு இதில் நேரடிப் பாதிப்பு உண்டு. நல்ல இதழ்களை அடையாளம் காட்ட யுஜிசி வைத்திருந்த ‘கேர்’ பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இனி எந்த இதழ் தரமானது என்று முடிவெடுப்பது கல்வி நிறுவனங்களின் பொறுப்பு. பட்டியலைப் பார்த்து டிக் அடித்த காலம் போய்விட்டது.

எப்படிக் கண்டுபிடிப்பது? சில அடையாளங்கள்:

• வெளியீட்டுக்குச் சில நாட்களே ஆகும் என்ற வாக்குறுதி.

• பூச்சியியல் முதல் பொருளாதாரம்வரை எல்லாமே ஒரே இதழில்.

• ஆசிரியர் குழுவில் இருப்பவர்களைத் தேடினால், அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழின் பெயரே இல்லை.

• கட்டணம் எவ்வளவு என்பது கட்டுரை ஏற்கப்பட்ட பிறகே தெரியவருகிறது.

இலவச அணுக்கம் தரும் இதழ் என்றால் ‘டிஓஏஜே’ பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். போஹானனின் சோதனையில் அந்தப் பட்டியலில் இருந்த இதழ்களும் சிக்கின. அதன் பிறகு அதன் விதிகள் கடுமையாக்கப்பட்டன. மருத்துவ உயிரியல் என்றால் ‘மெட்லைன்’ பட்டியலில் உள்ள இதழா என்று பாருங்கள். அதில் இதழ்கள் தேர்வு செய்யப்பட்டே சேர்க்கப்படுகின்றன. ஓர் எச்சரிக்கை: கட்டணம் வாங்குவது மட்டுமே மோசடிக்கு அடையாளம் அல்ல. மதிப்புமிக்க இலவச அணுக்க இதழ்கள் பலவும் ஆசிரியர்களிடம் கட்டணம் வாங்குகின்றன.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா?

பெரிய இதழில் வந்துவிட்டது, சக வல்லுநர்களும் பார்த்துவிட்டார்கள். இனி நம்பலாமா? இன்னும் ஒரு படி பாக்கி.

1998-ல் ‘லான்செட்’ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தைக் கிளப்பியது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 12 குழந்தைகள். பிரிட்டனில் தடுப்பூசி போடுவோர் விகிதம் சரிந்தது. அடங்கியிருந்த தட்டம்மை மீண்டும் தலைதூக்கியது. 2010-ல்தான் லான்செட் அதைத் திரும்பப் பெற்றது. இடையில் போனது 12 ஆண்டுகள். இன்றும் தடுப்பூசிக்கு எதிரான வீடியோக்களில் அந்தப் பயம் உயிரோடு இருக்கிறது.

திரும்பப் பெறுதல் என்றாலே மோசடி என்றும் நினைக்கக் கூடாது. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் பாஸ்பரஸுக்குப் பதிலாக ஆர்செனிக்கைப் பயன்படுத்தி வளரும் பாக்டீரியா இருப்பதாக 2010-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. நாசா பத்திரிகையாளர் சந்திப்பே நடத்தியது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு நிற்கவில்லை. 2025 ஜூலையில் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. மோசடி என்று இதழ் சொல்லவில்லை. சோதனைகள் அந்த முடிவைத் தாங்கவில்லை என்றது. கட்டுரை ஆசிரியர்கள் அதை ஏற்கவும் இல்லை.

2023-ல் மட்டும் உலகம் முழுவதும் 10,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் 8,000-க்கும் மேல் ‘ஹிந்தாவி’ என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. எனவே, மேற்கோள் காட்டும் முன் ஒரு முறை பாருங்கள். பப்மெட்டில் அத்தகைய கட்டுரையின் தலைப்பு அருகிலேயே எச்சரிக்கை இருக்கும். ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ அமைப்பின் தரவுத்தளமும் எல்லோருக்கும் இலவசம். மேற்கோள்களைச் சேமிக்க உதவும் ‘ஸோட்டெரோ’ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினால், உங்கள் சேமிப்பில் உள்ள ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டதும் அதுவே உங்களுக்குச் சொல்லிவிடும்.

மரபணு, புரதம் தேடுபவர்களுக்கு

சில கேள்விகளுக்குக் கட்டுரை தேவையில்லை, தரவுதான் தேவை. மரபணு வரிசைக்கு ‘ஜென்பேங்க்’, புரத விவரங்களுக்கு ‘யூனிபுராட்’, புரதத்தின் முப்பரிமாண வடிவத்துக்கு ‘புரோட்டீன் டேட்டா பேங்க்’. எல்லாமே இலவசம்.

ஆனால், இங்கேயும் தரப் பிரிவு உண்டு. யூனிபுராட்டில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை நிபுணர்கள் சரிபார்த்திருக்கிறார்கள். அவற்றில் ‘ரிவ்யூட்’ என்று போட்டிருக்கும். மற்ற கோடிக்கணக்கான பதிவுகள் கணினி தானாக எழுதியவை. அதேபோல, புரோட்டீன் டேட்டா பேங்கில் உள்ளவை பெரும்பாலும் ஆய்வகத்தில் அளந்து கண்டறிந்த வடிவங்கள். ‘ஆல்ஃபாஃபோல்டு’ தளத்தில் இருக்கும் 20 கோடிக்கும் அதிகமானவை ஏஐ கணித்த வடிவங்கள். கணிப்பு பிரமாதமாக இருக்கலாம்; ஆனால் கணிப்பு என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தணும்.

புரோட்டீன் டேட்டா பேங்கில் ஒவ்வொரு வடிவத்துடனும் ஒரு தரப் பரிசோதனை அறிக்கை வரும். அதில் தவறாமல் இடம்பெறும் ஒரு சோதனையின் பெயர் ‘ராமச்சந்திரன்’. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோர் உருவாக்கிய வரைபடம் அது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எதில் முடியாது என்று அது காட்டும். ஒரு புரத வடிவம் நம்பத்தகுந்ததா என்று பார்க்க, 60 ஆண்டுகளுக்குப் பிறகும் உலகம் சென்னையில் பிறந்த அந்த அளவுகோலை எடுத்துக்கொள்கிறது.

காசு கட்டாமல் படிப்பது எப்படி?

“நல்ல கட்டுரையைக் கண்டுபிடித்துவிட்டேன். திறந்தால் ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறது. என்ன பண்றது?”

முதலில் நீங்கள் எங்கே படிக்கிறீர்கள் என்று பாருங்கள். மத்திய அரசின் ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை, 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும் படிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கீடு. அரசு கல்லூரி மாணவர் என்றால் உங்கள் நூலகரிடம் கேளுங்கள். கேட்காததால் பயன்படுத்தாமல் கிடக்கும் வசதியாக அது இருக்கலாம். தொடக்கக் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் இதில் சேர்க்கப்படவில்லை என்பது பெரிய குறை.

மற்றவர்களுக்கும் வழி இருக்கிறது. கணினி பிரவுசரில் ‘அன்பேவால்’ என்ற இலவச எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் காட்டிவிடும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ இருக்கிறது. எதுவும் கிடைக்கவில்லையா? கட்டுரையில் ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். ‘படிக்க ஆசைப்படுகிறேன், ஒரு பிரதி அனுப்ப முடியுமா?’ என்று இரண்டு வரி எழுதுங்கள். பலரும் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

ஏஐ-யிடம் கேட்டால் போதாதா?

புரியாத சொல்லுக்கு விளக்கம் கேட்க, கடினமான பத்தியை எளிதாக்கச் சொல்ல, சாட்பாட் நல்ல துணை. ஆனால் ‘ஆதாரம் கொடு’ என்று கேட்கும்போது கவனம் தேவை. இல்லாத கட்டுரைக்கு, நிஜமான விஞ்ஞானியின் பெயரும் நிஜமான இதழின் பெயரும் போட்டு, பார்த்தால் சந்தேகமே வராத மேற்கோளை அது தயாரித்துக் கொடுத்துவிடும். அறிவியல் கட்டுரைகளை வைத்தே பயிற்சி கொடுத்து மெட்டா நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட ‘கலாக்டிகா’வும் இப்படி நம்பும்படியாகத் தவறு செய்ததால், மூன்றே நாளில் அதன் பொதுப் பயன்பாடு நிறுத்தப்பட்டது.

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. இன்று ஆய்விதழ்களில் வெளியாகும் ஏறக்குறைய எல்லாக் கட்டுரைக்கும், நம் ஆதார் எண் போல, டிஓஐ என்ற தனி எண் இருக்கிறது. ஏஐ கொடுத்த டிஓஐ-யை அதற்கான தளத்தில் போட்டுப் பாருங்கள். எதுவும் திறக்கவில்லை, அல்லது வேறு கட்டுரை திறக்கிறது என்றால் கதை முடிந்தது. டிஓஐ இல்லாத பழைய கட்டுரை என்றால், தலைப்பை அப்படியே பப்மெட்டில் தேடுங்கள். சரியான கட்டுரையே திறந்தாலும், ஏஐ சொன்ன விஷயம் அதில் உண்மையிலேயே இருக்கிறதா என்று சுருக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

ஐந்து நிமிடம் போதும்

அடுத்த முறை ஓர் உயிரியல் ‘கண்டுபிடிப்பு’ உங்கள் போனுக்கு வரும்போது இதைச் செய்து பாருங்கள்:

1. மூலக் கட்டுரை எது? செய்தியில் பெயர் இல்லை என்றால் பப்மெட்டில் தேடுங்கள். கிடைக்கவே இல்லை என்றால் பகிராதீர்கள்.

2. அது எதில் நடந்த ஆய்வு? செல்லிலா, எலியிலா, மனிதரிலா? மனிதர்கள் என்றால் எத்தனை பேர்?

3. சக வல்லுநர்கள் மதிப்பாய்வு செய்ததா, பிரீபிரின்டா? எந்த இதழ்?

4. திரும்பப் பெறப்பட்டதா?

5. இதே கேள்வியை வேறு யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா? மதிப்புரைகள் என்ன சொல்கின்றன?

ஐந்தாவது கேள்விதான் பலரும் தவறவிடுவது. ஒரே ஒரு கட்டுரை, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஒரு சாட்சி மட்டுமே. பலர், பல இடங்களில், வேறு வேறு முறைகளில் செய்து பார்த்தும் அதே விடை வந்தால்தான் தைரியமாக மேற்கோள் காட்டலாம்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். இந்தச் சரிபார்ப்பெல்லாம் படிப்பதற்கும் பகிர்வதற்கும்தான். சிகிச்சையை மாற்றுவது, மருந்தை நிறுத்துவது போன்ற முடிவுகளை எடுக்க அல்ல. நீங்கள் கண்டுபிடித்த கட்டுரையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘இது நமக்குப் பொருந்துமா டாக்டர்?’ என்று கேளுங்கள்.

அப்படியே, அந்த ‘10 மடங்கு பாக்டீரியா’ ரீல்ஸ் மறுபடி கண்ணில் பட்டால், கமென்ட்டில் 2016-ஆம் ஆண்டுக் கட்டுரையின் பெயரைப் போட்டுவிடுங்கள். அடுத்துப் பார்ப்பவருக்கு அரை மணி நேரம் மிச்சமாகும்.